ஏழு மீட்டர்

தங்கச்சிமடம் கோயில் பேண்டுக்குப்
பன்னிரண்டு கில்ட் வேண்டுமென்று
லியாண்டர் மாஸ்டர் கைப்பேசியை நீட்டினார்.
நைட்டி தைக்கிறவள் நான்.
பார்த்தவுடன் சொன்னேன்:
பள்ளிக்கூடப் பாவாடைதானே.

பாவாடைன்னு மட்டும் சொல்லிராதீங்க,
ஒரு பயலும் வர மாட்டான்.

முதல் துணி
மீட்டர் தொண்ணூறு. தள்ளுபடிக் குவியலின்
மேலேயே கிடந்தது.
சிவப்புக் கட்டம், பச்சைக் கோடு,
படத்தில் உள்ளது அப்படியே.
வெட்டிய பிறகுதான் திருப்பினேன்.
பின்பக்கம் வெளிறிக் கிடந்தது.
நெய்த கட்டமில்லை, அச்சடித்தது.
அதுவும் கோணல்:
இடது ஓரத்தில் கிளம்பிய சிவப்பு
வலது ஓரம் சேர்வதற்குள்
மூன்று விரல் இறங்கியிருந்தது.

இருபத்தாறு மடிப்பு.
ஒவ்வொன்றும் உள்ளே போய்த் திரும்பி வந்து
விட்ட கோட்டிலேயே கோட்டைச் சேர்க்க வேண்டும்,
மடித்ததே தெரியாதபடி.
என் மடிப்புகளில் கோடுகள்
படிக்கட்டு இறங்கிப் போயின.
இஸ்திரி வைத்தால் பளபளப்பு,
எடுத்தால் மறதி.

கின்ஸ்டன்தான் உடுத்திப் பார்த்தான்.
பெரிய டிரம் அவனுக்கு.
ஆகஸ்ட் கச்சான்.
கொடிமரம் தாண்டியதும்
துணி எழுந்து அவன் முகத்தைப் பார்த்தது.
ஏலத்துக்குக் காத்திருந்த பெண்கள்
கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.
டிரம்மை முன்னால் பிடித்துக்கொண்டு
நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தே
வீடு போய்ச் சேர்ந்தான்.

அன்றிரவு விளிம்புக்குள்
வலை ஈயம் வைத்துத் தைத்தேன்.
மறைப்பானேன், நான்கு குண்டு.
துணி தொங்கியது.
தொங்குவது வேறு, விழுவது வேறு.
விடியுமுன் பிரித்துப் போட்டேன்.

வியாழக்கிழமை கீழக்கரை.
சீனி அசன் கடை. பைக்குள் தீப்பெட்டி.

கைக்குள் கசக்கிப் பத்து எண்ணி விட்டேன்;
சில துணிகள் உள்ளங்கை ரேகையை
அப்படியே வாங்கிக்கொண்டன. ஓரம்.
ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்;
வாசலில் நின்ற ஆட்டோவின் நம்பரை
அதன் வழியே வாசிக்க முடிந்தது. அதுவும் ஓரம்.
கட்டத்தை ஸ்கேலால் அளந்தேன்,
ஊடு வாக்கில், பாவு வாக்கில்.
பிறகு நூல் உருவிக் கொளுத்தினேன்.

உருகி மணியாகத் திரண்டது ஒன்று.
முடி கருகும் வாடையோடு பொடிந்தது ஒன்று.
"கடையக் கொளுத்தாமப் போக மாட்டியளா"
என்ற சீனி அசன்
தீ அணையாதிருக்க அவரே ஃபேனை நிறுத்தினார்.

முழுக் கம்பளி, பையனை வேகவைக்கும்.
முழு பாலியெஸ்டர், வியர்வைக்கு வழி விடாது.
மூன்றாவது நூல்
பாதி உருகிப் பாதி கருகியது.
அந்தத் துணியை மேசை விளிம்பில் நழுவவிட்டேன்.
நங்கூரக் கயிறு போல நேரே இறங்கி
அங்கேயே நின்றது.

மீட்டர் நானூற்றிருபது.
ஒரு கில்ட்டுக்கு ஏழு மீட்டர்.
பங்குத்தந்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டு
மறுபடி கூட்டிப் பார்த்தார்.
நாலு போதும்மா. முன்வரிசைக்கு மட்டும்.
மற்றவங்களுக்கு வெள்ளை பேண்ட்.

எங்கள் கிணறு உப்பு.
லாரித் தண்ணீர் இரண்டு குடம் ஒதுக்கி
நனைத்து, நிழலில் உலர்த்தி,
சுருங்குவது இப்போதே சுருங்கட்டுமென்று
இரண்டு நாள் காத்திருந்தேன்.
சாக்பீஸ் கோடு போட்டு அழித்து
மூன்றாம் முறையும் போட்டாகிவிட்டது.

தொண்ணூறு ரூபாய்த் துணியை
பேசிக்கொண்டே வெட்டியவள்தான் நான்.
இதன் முன்னால்
வானொலியைக்கூட நிறுத்திவிட்டேன்.
கத்தரிக்கோல் வாய் திறந்தபடி இருக்கிறது.

வாசலில் கின்ஸ்டன்.
"அக்கா, எனக்கு எது?"

பெரிய டிரம் எந்த வரிசையென்று
லியாண்டரிடம் நான் இன்னும் கேட்கவில்லை.